அப்பாவுக்கு ஒரு சவரத் தூரிகை: கொடுக்கும் விலைக்குத் தகுந்ததா என்று கண்டறிவது எப்படி?

மாணவர்களே, ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். அப்பாவுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யோசிக்கும்போது உங்களில் சிலருக்குச் சவரத் தூரிகை, அதாவது ஷேவிங் பிரஷ், நினைவுக்கு வரலாம். கடைக்குப் போனால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் தூரிகைகள் வரிசையாக நிற்கும். ஒன்றின் விலை சில பத்து ரிங்கிட். பக்கத்தில் இருப்பதன் விலை பல நூறு ரிங்கிட். பெட்டிகளின் மேல் ‘பியூர் பேட்ஜர்’, ‘பெஸ்ட் பேட்ஜர்’, ‘சூப்பர் பேட்ஜர்’, ‘சில்வர்டிப் பேட்ஜர்’ என்று எழுதியிருக்கும். எதை எடுப்பது?

பல மாதங்களாகச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் உங்களுக்கு இது சிறிய கேள்வி அல்ல. “விலை கூடினால் தரமும் கூடும்” என்று விற்பனையாளர் சொல்லலாம். அது உண்மையா என்று பார்க்க உங்களிடம் ஏற்கெனவே கருவிகள் இருக்கின்றன: ஓர் அளவுகோல், ஒரு சமையலறைத் தராசு, கொஞ்சம் கணக்கு, பள்ளியில் படித்த அறிவியல். இந்த வாரம் அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

தூரிகையின் வேலை என்ன?

ஒரு பொருள் நல்லதா என்று கேட்பதற்கு முன் அது செய்ய வேண்டிய வேலை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தாடி முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் நகமும் அதே புரதம்தான். உலர்ந்த நிலையில் அது உறுதியாக இருக்கும். தண்ணீர் உள்ளே புகுந்ததும் புரதச் சங்கிலிகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன; முடி மென்மையாகிறது. குளித்தபின் நகம் வெட்டுவது எளிதாக இருப்பதும் இதனால்தான். நீர் ஊறிய முடியை வெட்டக் குறைந்த விசை போதும். விசை குறைந்தால் தோலில் எரிச்சலும் குறையும்.

ஆனால் முகத்தில் தண்ணீரைத் தெளித்தால் அது வழிந்து போய்விடுகிறது. முடி ஊறுவதற்கு ஓரிரு நிமிடங்களாவது நீர் அங்கேயே நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது நுரை. நுரை என்பது மெல்லிய நீர்ச்சுவர்களால் பிரிக்கப்பட்ட காற்றுக் குமிழிகளின் கூட்டம். சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை விட்டு விலகும். அதனால் மூலக்கூறுகள் நீரின் பரப்பில் வந்து அடுக்கிக்கொண்டு மேற்பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுகின்றன. அப்போதுதான் நீர்ச்சுவர்கள் உடையாமல் நிற்கும்.

நுரைக்குத் தேவையானவை மூன்று: நீர், சவர்க்காரம், காற்று. இந்த மூன்றையும் கலப்பதுதான் தூரிகையின் வேலை. அது நீரைச் சுமந்து வர வேண்டும். அழுத்தும்போது அதைச் சிறிது சிறிதாக விட வேண்டும். சுழற்றும்போது காற்றைச் சின்னச் சின்னக் குமிழிகளாக உடைக்க வேண்டும். முகத்தில் தேய்க்கும்போது வளைந்து மீண்டும் நிமிர வேண்டும். நுனி தோலைக் குத்தவும் கூடாது. நல்ல தூரிகை என்றால் இவற்றை நன்றாகச் செய்வது. கைப்பிடி பளிங்குபோல மின்னுவது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முடிக்கற்றைக்குள் நீர் எப்படி நிற்கிறது?

இங்கிலாந்து இயற்பியலாளர் சார்லஸ் வெர்னன் பாய்ஸ், சவர்க்காரக் குமிழிகள் பற்றி இளையோருக்கு ஆற்றிய உரைகளை 1890இல் நூலாக வெளியிட்டார். அதில் ஓர் எளிய செய்முறை உண்டு. நீங்களும் செய்யலாம். ஓர் ஓவியத் தூரிகையை எடுத்துத் தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்த்துங்கள். முடிகள் விரிந்து தனித்தனியாக நிற்கும். இப்போது வெளியே எடுங்கள். முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூர்மையாகும்.

நனைந்ததால் ஒட்டிக்கொண்டன என்று சொல்லத் தோன்றும். ஆனால் தண்ணீருக்குள் இருந்தபோதும் அவை நனைந்துதானே இருந்தன? வேறுபாடு நீரின் மேற்பரப்பில் இருக்கிறது. வெளியே வந்ததும் முடிகளைச் சுற்றி நீர்ப்பரப்பு உருவாகிறது. அந்தப் பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய ரப்பர் படலம்போல் சுருங்கப் பார்க்கிறது. முடிகளையும் சேர்த்து இழுக்கிறது.

இதனுடன் நுண்புழை விளைவும் சேர்கிறது. குறுகிய இடைவெளிக்குள் நீர் தானாக ஏறி நிற்பதே நுண்புழை விளைவு. உட்புற விட்டம் 0.2 மில்லிமீட்டர் உள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம் ஏறி நிற்கும். இடைவெளி பாதியானால் உயரம் இரட்டிப்பாகும். சவரத் தூரிகையின் முடி 5 சென்டிமீட்டர் அளவுதான் நீளம். முடிகளுக்கு இடையே உள்ள சந்துகளோ மிகச் சிறியவை. அதனால்தான் நனைத்த தூரிகையைத் தலைகீழாகப் பிடித்தாலும் எல்லாத் தண்ணீரும் கொட்டிவிடுவதில்லை.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. தூரிகை நீரைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் முடிகளுக்கு இடையே உள்ள இடைவெளியில். முடி எந்த விலங்கினுடையது என்பதைப் போலவே, எத்தனை முடிகள் எவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதும் முக்கியம்.

நான்கு வகை முடிகள்

கடைகளில் பொதுவாக நான்கு வகைகளைக் காணலாம்.

முதலாவது, பேட்ஜர் முடி. பேட்ஜர் என்பது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. மண்ணைத் தோண்டி வளையில் வாழும். தமிழில் வளைக்கரடி என்றும் எழுதுவார்கள். தூரிகைக்கான முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. இந்த முடியின் நுனி வெளிர் நிறம், நடுவில் கருமையான பட்டை, அடியில் மறுபடியும் வெளிர் நிறம். நுனி இயற்கையாகவே மெலிந்து முடிவதால் தோலுக்கு மென்மையாக இருக்கும். நடுப்பகுதி தடிமனாக இருப்பதால் வளைந்து நிமிரும்.

இரண்டாவது, பன்றி முடி. இது தடிமனானது, விறைப்பானது. முடியே நீரை உறிஞ்சி மென்மையாகும் என்பதால் பயன்படுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊற வைக்க வேண்டும். சில வாரங்கள் பயன்படுத்தியபின் நுனிகள் பிளந்து இன்னும் மென்மையாகும். விலை குறைவு.

மூன்றாவது, குதிரை முடி. பிடரியிலிருந்தும் வாலிலிருந்தும் கத்தரித்து எடுக்கலாம். குதிரையைக் கொல்ல வேண்டியதில்லை. விறைப்பில் முன்சொன்ன இரண்டுக்கும் இடைப்பட்டது.

நான்காவது, செயற்கை இழை. நைலான் அல்லது பாலியெஸ்டரால் செய்யப்படுவது. இழைக்குள் நீர் அதிகம் புகாது. இழைகளுக்கு இடையே மட்டும்தான் நிற்கும். ஆகவே விரைவில் உலர்ந்துவிடும். இப்போது வரும் இழைகள் நுனி மெலிந்தவையாகவே செய்யப்படுகின்றன. பேட்ஜர் முடிபோலவே நடுவில் கறுப்புப் பட்டையும் வண்ணத்தில் கொடுத்துவிடுகிறார்கள். எனவே கறுப்புப் பட்டையைப் பார்த்த உடனே பேட்ஜர் முடி என்று முடிவு செய்துவிடக் கூடாது.

பெட்டியின் மேல் உள்ள பெயர்கள்

‘பியூர்’ என்றால் தூய என்று பொருள். கேட்பதற்கு உயர்ந்த தரம்போல் தோன்றும். தூரிகைத் தொழிலில் அது பொதுவாக மிகக் கீழ்ப்படி: பேட்ஜர் முடிதான், ஆனால் கருமையான, முரட்டு முடி. ‘பெஸ்ட்’ என்றால் மிகச் சிறந்தது என்று நினைப்போம். அது நடுப்படி. அதற்கு மேல் ‘சூப்பர்’, அதற்கும் மேல் ‘சில்வர்டிப்’ என்று பல தயாரிப்பாளர்கள் வரிசைப்படுத்துகிறார்கள்.

இந்தப் பெயர்களுக்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. ஒருவர் ‘சூப்பர்’ என்று விற்பதை இன்னொருவர் ‘பெஸ்ட்’ என்று விற்கலாம். சாதாரண முடியின் நுனியை வெளுக்க வைத்து வெள்ளி நுனிபோல் காட்டுவதும் உண்டு. கிலோகிராம் என்றால் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஒரே அளவு. ‘சூப்பர்’ என்பது அப்படி அல்ல. அது ஓர் அளவு அல்ல, பெயர்.

தூரிகைகளின் உலகில் இது புதிதும் அல்ல. ஓவிய வகுப்பில் ‘ஒட்டக முடித் தூரிகை’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றில் ஒட்டக முடி இருப்பதில்லை. பெரும்பாலும் அணில் அல்லது வேறு விலங்குகளின் முடிதான்.

பெயர் தவறினால் பணம் மட்டும்தான் போகும் என்று நினைக்காதீர்கள். முதல் உலகப் போர் (1914–1918) காலத்தில் பேட்ஜர் முடியின் வழக்கமான வணிகப் பாதைகள் தடைபட்டன. அதே நேரத்தில் படைவீரர்களுக்குத் தூரிகைகள் பெருமளவில் தேவைப்பட்டன. நச்சுவாயுக் கவசம் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டுமானால் தாடி இருக்கக் கூடாது. எனவே ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடியைப் பேட்ஜர் முடிபோல் தோன்றச் செய்து மலிவான தூரிகைகள் தயாரிக்கப்பட்டன. அந்த முடி சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படவில்லை. அதில் ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருந்தன. சவரம் செய்யும்போது ஏற்படும் சிறு கீறல் வழியாக அவை உடலுக்குள் புகுந்தன. பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்களும் பொதுமக்களுமாக 200க்கும் மேற்பட்டோருக்குத் தூரிகை வழியாக இந்நோய் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. உயிரிழந்தவர்களும் உண்டு.

இன்று முடியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்த பிறகே தூரிகை கட்டுகிறார்கள். புதிய தூரிகையை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பழம்பொருள் கடையில் நூறாண்டுப் பழைய தூரிகையைப் பார்த்தால் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் படவிடாதீர்கள்.

நம் நாட்டிலும் பெயர்ச்சீட்டுக்குச் சட்டம் இருக்கிறது. பன்றி அல்லது நாயின் எந்தப் பகுதியிலிருந்து செய்த பொருளானாலும் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் வணிக விவரிப்பு ஆணை ஒன்று சொல்கிறது. 2017 பிப்ரவரியில் அமலாக்க அதிகாரிகள் கடைகளில் சோதனை நடத்தி, பன்றி முடி கொண்டவை என்று சந்தேகிக்கப்பட்ட, குறிப்பு இல்லாத சாயத் தூரிகைகளை ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்தார்கள். முஸ்லிம் நண்பருக்கோ ஆசிரியருக்கோ தூரிகை பரிசளிப்பதானால், அது எந்த முடி என்று கேட்டு உறுதிசெய்வது அவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை.

அளவுகோலை எடுங்கள்

பெயரை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்ப்போம். இரண்டு அளவுகள் போதும். ஒன்று, கைப்பிடியிலிருந்து முடிக்கற்றை வெளிவரும் இடத்தில் அதன் விட்டம். பெரும்பாலான தூரிகைகளில் இது 20 முதல் 26 மில்லிமீட்டர் வரை. இரண்டு, அங்கிருந்து நுனி வரை முடியின் உயரம். இது பெரும்பாலும் 45 முதல் 55 மில்லிமீட்டர்.

22 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 26 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் வேறுபாடு வெறும் 4 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 22 × 22 = 484; 26 × 26 = 676. 676ஐ 484ஆல் வகுத்தால் சுமார் 1.4. அதாவது ஒரே நெருக்கத்தில் கட்டினால் பெரிய தூரிகையில் 40 விழுக்காடு கூடுதல் முடி இருக்கும். விலை கூடுவதற்கு இது நியாயமான காரணம். ஆகவே இரண்டு தூரிகைகளின் விலையை ஒப்பிடும்போது ஒரே விட்டமுள்ளவற்றையே ஒப்பிடுங்கள்.

அடுத்து உயரம். ஒரு முனையில் பிடித்து நிறுத்திய கம்பியின் விறைப்பு அதன் நீளத்தின் கனத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். முடிக்கும் அதே விதிதான். உயரத்தை 50 மில்லிமீட்டரிலிருந்து 55 ஆக்கினால், 55ஐ 50ஆல் வகுத்துக் கனம் எடுக்க 1.33 வரும். அதே விசைக்கு ஒவ்வொரு முடியும் 33 விழுக்காடு கூடுதலாக வளையும். முடியின் தடிமன் இன்னும் அதிகமாகக் கணக்கில் வரும்: தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு 16 மடங்கு. பன்றி முடி ஏன் அவ்வளவு விறைப்பு என்பது இப்போது புரிகிறதா?

விட்டம் சிறியது, உயரம் அதிகம் என்றால் தூரிகை துவளும். கட்டிச் சவர்க்காரத்தில் தேய்த்து நுரை எடுப்பது சிரமம். விட்டம் பெரியது, உயரம் குறைவு என்றால் விறைப்பாக இருக்கும். அப்பா கட்டிச் சவர்க்காரம் பயன்படுத்துகிறாரா, குழாயிலிருந்து பிதுக்கும் கிரீம் பயன்படுத்துகிறாரா என்று முதலில் பாருங்கள். கட்டிக்கு விறைப்பானது நல்லது. கிரீமுக்கு மென்மையானது போதும்.

கடையில் செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

விற்பனையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

1. நுனியைப் புறங்கையில் மெதுவாகக் குத்திப் பாருங்கள். இயற்கையாக மெலிந்த நுனி வருடுவதுபோல் இருக்கும். வடிவத்துக்காகக் கத்தரிக்கப்பட்ட நுனி குறுகுறுவென்று குத்தும். உருப்பெருக்கி இருந்தால் நுனி கூர்மையா மொட்டையா என்று பார்த்துவிடலாம்.

2. உள்ளங்கையில் அழுத்தி விடுங்கள். முடிகள் உடனே நிமிர்ந்து பழைய வடிவத்துக்கு வர வேண்டும்.

3. விரல்களால் பத்து முறை இதமாகக் கோதுங்கள். புதிய தூரிகையில் ஓரிரு முடிகள் உதிர்வது இயல்பு. கோதும் ஒவ்வொரு முறையும் உதிர்ந்தால் ஒட்டுப் பசை சரியில்லை.

4. முடியை விரித்து நடுப்பகுதியின் அடியைப் பாருங்கள். சில தூரிகைகளில் ஓரத்தில் மட்டும் நெருக்கமாக இருக்கும். நடுவில் வெற்றிடம் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

5. கைப்பிடியும் முடிக்கற்றையும் சேரும் இடத்தில் விரிசலோ இடைவெளியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே நீர் தங்கும்.

இணையத்தில் வாங்குவதானால் இவற்றைச் செய்ய முடியாது. விட்டம், உயரம், முடியின் வகை ஆகிய மூன்றும் விற்பனைக் குறிப்பில் இருக்கின்றனவா, திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். இந்த மூன்றையும் சொல்லாமல் ‘ஆடம்பரம்’, ‘பாரம்பரியம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒதுக்கிவிடலாம்.

வீட்டில் ஓர் ஆராய்வு

வீட்டில் அப்பாவின் பழைய தூரிகை, தாத்தாவின் தூரிகை, புதியது என்று இரண்டு மூன்று கிடைத்தால் ஓர் ஆராய்வு செய்யலாம்.

தற்சார்பு மாறி: தூரிகையின் வகை. சார்பு மாறி: அது பிடித்து வைக்கும் நீரின் பொருண்மை. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: நீரின் வெப்பநிலை, அமிழ்த்தும் ஆழம், அமிழ்த்தும் நேரம், சொட்டவிடும் நேரம்.

முழுவதும் உலர்ந்த தூரிகையை 0.1 கிராம் வரை காட்டும் மின்னியல் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் முடி முழுவதும் மூழ்கும்படி ஒரு நிமிடம் வையுங்கள். கைப்பிடி நனையக் கூடாது. வெளியே எடுத்து, நுனி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துப் பத்து வினாடி சொட்டவிடுங்கள், உதற வேண்டாம். உடனே மீண்டும் நிறுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தூரிகை பிடித்த நீர். ஒவ்வொரு தூரிகைக்கும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் தூரிகை நன்றாக உலர வேண்டும். ஆகவே ஆராய்வு சில நாள் நீளும்.

பெரிய தூரிகை அதிக நீரைப் பிடிப்பதில் வியப்பில்லை. நியாயமாக ஒப்பிட, கிடைத்த கிராமை ‘விட்டம் × விட்டம் × உயரம்’ என்ற எண்ணால் வகுங்கள். இப்போதுதான் முடியின் வகையும் நெருக்கமும் செய்யும் வேறுபாடு தெரியும்.

அடுத்து நுரை. ஒரே அளவு சவர்க்காரம், ஒரே அளவு நீர், ஒரு கிண்ணம். ஒரு நிமிடம் சுழற்றுங்கள். கிடைத்த நுரையை அளவுக்குவளையில் இட்டுக் கொள்ளளவைக் குறியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அடியில் எவ்வளவு நீர் வடிந்து சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். நுண்ணிய குமிழிகளால் ஆன நல்ல நுரையில் நீர் மெதுவாகவே வடியும்.

விலைக் கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்; கடை விலைகள் அல்ல. அப்பா வாரத்துக்கு ஐந்து நாள் சவரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 260 முறை.

தூரிகை அ: 40 ரிங்கிட், 2 ஆண்டு உழைக்கும். 520 முறை. ஒரு முறைக்கு 7.7 சென்.

தூரிகை ஆ: 150 ரிங்கிட், 10 ஆண்டு உழைக்கும். 2,600 முறை. ஒரு முறைக்கு 5.8 சென்.

தூரிகை இ: 400 ரிங்கிட், 10 ஆண்டு உழைக்கும். ஒரு முறைக்கு 15.4 சென்.

தூரிகை ஈ: செயற்கை இழை, 60 ரிங்கிட், 6 ஆண்டு உழைக்கும். 1,560 முறை. ஒரு முறைக்கு 3.8 சென்.

குறைந்த விலையுள்ள ‘அ’ உண்மையில் மலிவானது அல்ல. ‘ஆ’வை விட அதற்குச் செலவு கூடுதல். ஆனால் அதிலிருந்து “விலை உயர்ந்ததே லாபம்” என்று முடிவு செய்தால் ‘இ’ அதைப் பொய்யாக்கிவிடும். ‘ஆ’வை விட ‘இ’யின் விலை ஏறத்தாழ 2.7 மடங்கு. அது 2.7 மடங்கு நீரைப் பிடிக்குமா, 2.7 மடங்கு நுரை தருமா என்று உங்கள் ஆராய்வைக் கேளுங்கள். கூடுதல் விலையில் ஒரு பகுதி அரிதான முடிக்கும், கைவேலைக்கும், அழகிய கைப்பிடிக்கும், நிறுவனத்தின் பெயருக்கும் போகிறது. அதற்காகப் பணம் கொடுப்பது தவறில்லை; எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ‘ஆ’ தூரிகையைச் சரியாகப் பராமரிக்காமல் மூன்றே ஆண்டில் கெடுத்துவிட்டால் என்ன ஆகும்? 150 ரிங்கிட்டை 780ஆல் வகுத்தால் 19.2 சென். தூரிகை அதேதான், செலவோ மும்மடங்குக்கும் மேல். விலைக்கேற்ற பயனைக் கடைக்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லை, பயன்படுத்துபவரும் தீர்மானிக்கிறார்.

நம் ஊர் ஈரப்பதமும் தூரிகையும்

நம் நாட்டின் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். குளியலறையில் இன்னும் அதிகம். ஈரமான முடிக்கற்றையின் அடிப்பகுதியில் பூஞ்சணம் வளர இது வசதியான இடம்.

தூரிகையைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் நீர் வடிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். நுண்புழை விளைவை நினைத்துப் பாருங்கள். சந்துகளுக்குள் இருக்கும் நீரை ஈர்ப்பு விசையால் முழுவதும் கீழே இழுக்க முடியாது. தூரிகையை உலர்த்துவது ஆவியாதல்தான். அதற்குத் தேவை காற்றோட்டம்.

எனவே பயன்படுத்தியதும் சவர்க்காரம் போகும்வரை அலசுங்கள். மெதுவாகப் பிழியுங்கள், முறுக்கவோ இழுக்கவோ வேண்டாம். சில முறை உதறித் துணியில் ஒற்றுங்கள். பின் காற்றோட்டமான இடத்தில், குளியலறைக்கு வெளியே இருந்தால் நல்லது, நிற்க வையுங்கள். மூடிய பெட்டிக்குள் ஈரத்தோடு வைக்கக் கூடாது. கொதிநீரும் ஆகாது; அது முடியையும் ஒட்டுப் பசையையும் கெடுக்கும். பரிசோடு இந்த வரிகளை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தால் அப்பாவுக்கும் உதவும்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு கேள்வி

பேட்ஜர் முடி ஆட்டு உரோமம்போல் கத்தரித்து எடுப்பது அல்ல. விலங்கைக் கொன்று, தோலிலிருந்து எடுப்பது. இங்கிலாந்தில் பேட்ஜரைக் கொல்வதையும் துன்புறுத்துவதையும் 1992ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடுக்கிறது. சீனாவிலிருந்து வரும் முடியோ எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்று பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தராசும் அளவுகோலும் இதற்கு விடை சொல்லா. ஆனால் அவை ஓர் உதவி செய்யும். செயற்கை இழைத் தூரிகை உங்கள் சோதனைகளில் பேட்ஜருக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்று காட்டும். அந்த வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தால், அதற்காக ஒரு விலங்கின் உயிர் தேவையா என்று நீங்களே யோசிக்கலாம். குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள்.

எந்த முடிவாக இருந்தாலும், விட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர் அளவில், நுனி குத்தாத, முடி உதிராத, நடுவில் வெற்றிடம் இல்லாத ஒரு தூரிகை பெரும்பாலோருக்கு நன்றாகவே வேலை செய்யும். இந்தத் தகுதிகளோடு கிடைப்பவற்றில் உங்கள் கைப்பணத்துக்குள் அடங்குவதை எடுங்கள்.

செய்து பாருங்கள்

1. விட்டம் 24 மில்லிமீட்டர் உள்ள தூரிகையில், அதே நெருக்கத்தில் கட்டிய 20 மில்லிமீட்டர் தூரிகையை விட எத்தனை விழுக்காடு கூடுதல் முடி இருக்கும்?

2. உங்கள் அப்பா வாரத்துக்கு எத்தனை நாள் சவரம் செய்கிறார் என்று கேட்டு, வீட்டில் உள்ள தூரிகையின் ஒருமுறைச் செலவைக் கணக்கிடுங்கள்.

3. வீட்டில் உள்ள பற்பசை, ஷாம்பு, சவர்க்காரம் ஆகியவற்றின் பெட்டிகளைப் பாருங்கள். அவற்றில் உள்ள சொற்களில் எவற்றை அளந்து சரிபார்க்க முடியும், எவை வெறும் பெயர்கள் என்று இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள்.

(முதல் கேள்விக்கு விடை: 44 விழுக்காடு.)